ஐரோப்பா ஏன் 15 சதவீதத்துக்குத் தலையாட்டியது?

கேள்வி: வணக்கம். நான் வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். மகள் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம், கார் உதிரி பாகங்கள் செய்யும் நிறுவனத்தில் எஞ்சினியர். சென்ற ஆண்டு அமெரிக்கா வரி போட்டதில் இருந்து அங்கே ஆட்குறைப்புப் பேச்சாகவே இருக்கிறது. இப்போது நிறுவனம் ராணுவத் தளவாடப் பக்கம் திரும்புகிறதாம். அந்தப் பிரிவுக்கு வருகிறாயா என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டு சந்தேகம். 45 கோடி மக்கள், இவ்வளவு செல்வம் இருந்தும் ஐரோப்பா ஏன் டிரம்ப்பிடம் 15% வரிக்கு ஒப்புக்கொண்டது? சீனா எதிர்த்து நின்றதே! இன்னொன்று, ராணுவத்துக்கு 80,000 கோடி யூரோ போட்டுச் சொந்தக் காலில் நிற்கப் போகிறோம் என்கிறார்களே, அது நடக்குமா, நாலு வருடத்தில் அடங்கிவிடுமா? மகளுக்கு நான் என்ன சொல்வது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் இரண்டு சந்தேகத்துக்கும் வேர் ஒன்றே. வரிக் கதையில் இருந்து தொடங்குகிறேன். மகள் விஷயத்துக்கு அது வழி காட்டும்.

வணிகச் சட்டத்தில் ஆலோசனை சொல்லிப் பிழைப்பவன் நான். அந்தக் கண்ணால் பார்த்தால், 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் வெறுங்கையோடு நிற்கவில்லை. இரு தரப்புக்கும் இடையே சரக்கும் சேவையுமாக ஆண்டுக்கு 1.6 லட்சம் கோடி யூரோவுக்குக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. சரக்கில் ஐரோப்பாவுக்கு உபரி. டிரம்ப் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். சேவையில் அமெரிக்காவுக்கு உபரி. அதை அவர் வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை. கூகுள், மைக்ரோசாஃப்ட், மெட்டா, விசா எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் ஐரோப்பாவின் பக்கம் மிஞ்சுவது சுமார் 5,000 கோடி யூரோ, மொத்த வணிகத்தில் 3%. ஆக, ஐரோப்பா திருப்பி அடித்திருந்தால் அடி வாங்க அமெரிக்கப் பக்கத்திலும் ஏராளமான முதுகுகள் இருந்தன.

அடிக்கப் பட்டியலும் தயாராக இருந்தது. போயிங் விமானம், கார், போர்பன் விஸ்கி என்று 9,300 கோடி யூரோ மதிப்புள்ள அமெரிக்கப் பொருள்கள் அதில் இருந்தன. அதற்கும் மேலே ஒரு சட்டம். தைவான் பெயரில் ஓர் அலுவலகம் திறக்க இடம் கொடுத்ததற்காக 2021-ல் லிதுவேனியாவைச் சீனா வணிகத்தில் நெருக்கியது. அது கொடுத்த வேகத்தில் உருவாகி, 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது அந்த மிரட்டல் எதிர்ப்புச் சட்டம். வெளிநாடு ஒன்று வணிகத்தைக் காட்டி மிரட்டினால் அந்நாட்டு நிறுவனங்களை அரசுக் கொள்முதலில் இருந்து விலக்கலாம், அவர்களின் சேவைகளுக்குக் கட்டுப்பாடு போடலாம், காப்புரிமையிலும் கை வைக்கலாம். 27 நாடும் ஒருமித்து ஒப்ப வேண்டியதில்லை. மக்கள்தொகையில் 65 சதவீதத்தைக் கொண்ட 55 சதவீத நாடுகள் சம்மதித்தால் போதும். பிரஸ்ஸல்ஸில் இதற்கு ‘பசூக்கா’ என்றே பெயர்.

அந்தப் பசூக்காவை உறையில் இருந்து எடுக்கவே இல்லை. ஜூலை 27 அன்று ஸ்காட்லாந்தின் டர்ன்பெர்ரியில், டிரம்ப்பின் சொந்த கோல்ஃப் விடுதியில், ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையன் கைகுலுக்கிவிட்டு வந்தார். பெரும்பாலான ஐரோப்பியப் பொருள்களுக்கு 15% வரி. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் 50% அப்படியே தொடரும். அமெரிக்கத் தொழிற்பொருள்களின் மீதான வரியை ஐரோப்பா நீக்கும். மூன்றாண்டில் 75,000 கோடி டாலருக்கு எரிசக்தி வாங்கும். ஐரோப்பிய நிறுவனங்கள் 60,000 கோடி டாலர் முதலீடு செய்யும். அப்போது பிரெஞ்சுப் பிரதமராக இருந்த பைரூ இதை இருண்ட நாள் என்றார்.

மறுநாள் வணிக ஆணையர் மரோஷ் ஷெஃப்சோவிச் செய்தியாளர்களிடம் மறைக்காமல் சொன்னார்: இது வணிகம் மட்டும் இல்லை, பாதுகாப்பும் உக்ரைனும் இதில் இருக்கிறது என்று. பேச்சுவார்த்தை நடத்திய ஒருவர், மேசை மேல் வணிகம் தவிர வேறொன்றும் கிடந்தது என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்வதை என் தொழிலில் அதிகம் பார்க்க முடியாது. உங்கள் முதல் கேள்விக்கு அதுதான் பதில்.

உங்கள் தெருவுக்கு இரவுக் காவல் நிற்பவரே பகலில் உங்கள் கடையின் மிகப் பெரிய வாடிக்கையாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையைக் குறையுங்கள் என்று அவர் கேட்கும்போது காவலைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. சாயங்காலம் இருட்டும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

சீனாவைச் சொன்னீர்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா 145% வரை ஏற்றியது, சீனா 125% வரை ஏற்றியது, கூடவே அருமண் தாதுக்களின் ஏற்றுமதியையும் இறுக்கியது. மே 12 அன்று ஜெனீவாவில் இரு தரப்பும் 30%, 10% என்று இறங்கி வந்தன. அருமண் பெரிய ஆயுதம், சந்தேகமில்லை. ஆனால் சீனாவின் எல்லையை அமெரிக்கப் படை காக்கவில்லை என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மறுபக்கம் பாருங்கள்: அந்த ஜூலை மாதத்திலேயே ஜப்பான் 15 சதவீதத்துக்கும் 55,000 கோடி டாலர் முதலீட்டுக்கும் ஒப்புக்கொண்டது. தென்கொரியா 15 சதவீதத்துக்கும் 35,000 கோடி டாலருக்கும். அடுத்தடுத்து ஒரே சதவீதத்தில் கையெழுத்துப் போட்ட மூன்று தரப்பின் மண்ணிலும் அமெரிக்கப் படைத்தளங்கள் இருக்கின்றன. தற்செயல் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஐரோப்பாவுக்குள்ளேயும் ஒற்றுமை இல்லை என்பது வாஸ்தவம். அயர்லாந்துக்கு மருந்து ஏற்றுமதி பற்றிய பயம், ஜெர்மனிக்குக் கார், பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் ஒயின். ஏப்ரலில் இருந்து கார்களுக்கு 27.5% கட்டிக்கொண்டிருந்த ஜெர்மன் நிறுவனங்களுக்கு 15% என்பது மூச்சு விட்ட மாதிரிதான். உங்கள் மகளின் முதலாளியும் அன்று பெருமூச்சு விட்டிருப்பார்.

இதெல்லாம் டிரம்ப் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்தால் அது அவருக்கு நாம் கொடுக்கும் அதிகப்படி மரியாதை. 1962-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தை, மலிவாக வந்து குவிந்த அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை ஏற்றியது. கோழி வளர்ப்பு மிகுந்த ஆர்கன்சாஸ் மாநிலத்தின் செனட்டர் ஃபுல்பிரைட், நேட்டோ பற்றிய விவாதத்தின் நடுவே கோழியை எடுத்துப் போட்டார். படையைக் குறைத்துவிடுவோம் என்ற மிரட்டலும் சேர்ந்து வந்தது. ஐரோப்பா இறங்கவில்லை, அமெரிக்கா பதிலுக்கு ஐரோப்பிய பிராந்திக்கும், உருளைக்கிழங்கு மாவுக்கும், சிறு சரக்கு வண்டிகளுக்கும் வரி போட்டது. அந்தச் சரக்கு வண்டி வரி 25%, 1964-ல் தொடங்கியது. கோழிச் சண்டையை எல்லோரும் மறந்துவிட்டார்கள், வரி மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்கச் சாலைகளில் உள்ளூர் பிக்கப் வண்டிகள் இன்றுவரை கோலோச்சுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதைவிடக் கனமான கதை லுட்விக் எர்ஹார்ட்டுடையது. ஜெர்மனியில் நிற்கும் அமெரிக்கப் படைகளுக்கு டாலர் செலவாகிறது, அதற்கு ஈடாக எங்கள் ஆயுதங்களை வாங்குங்கள் என்று அமெரிக்கா கேட்க, 1961-ல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். 1966-ல் மேற்கு ஜெர்மனியின் பொருளாதாரம் தளர்ந்தது, பட்ஜெட்டில் ஓட்டை. போருக்குப் பிந்தைய ஜெர்மன் செழிப்பின் முகமாக இருந்த எர்ஹார்ட், பிரதமராக வாஷிங்டன் போய், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று அமெரிக்க அதிபர் ஜான்சனிடம் கேட்டார். வெறுங்கையோடு திரும்பினார். சில வாரங்களில் பட்ஜெட் தகராறில் அவருடைய கூட்டணி உடைந்தது, ஆண்டு முடிவதற்குள் பதவியும் போயிற்று. அடுத்த ஆண்டு ஜெர்மன் மத்திய வங்கித் தலைவர் கார்ல் பிளெஸ்ஸிங் அமெரிக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினார்: எங்களிடம் சேரும் டாலரைக் கொடுத்துத் தங்கம் கேட்க மாட்டோம் என்று. வங்கியில் இருந்தவர் நீங்கள், அந்தக் கடிதத்தின் கனம் உங்களுக்குப் புரியும். படை நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு நாடு தன் அந்நியச் செலாவணிக் கையிருப்பைக் கையாளும் உரிமையில் ஒரு பகுதியை எழுதிக் கொடுத்தது.

ஆக, காவலையும் காசையும் ஒரே பேரேட்டில் எழுதுவது அறுபது வருடப் பழக்கம். முன்பெல்லாம் அதை மூடிய அறைக்குள் பேசினார்கள். இப்போது சமூக ஊடகத்தில் பேசுகிறார்கள்.

உண்மையில் ஐரோப்பாவை உலுக்கியது வரி இல்லை, 2025 மார்ச் மாதத்தின் முதல் வாரம். வெள்ளை மாளிகையில் ஜெலென்ஸ்கியோடு நடந்த வாக்குவாதத்துக்குப் பின் அமெரிக்கா உக்ரைனுக்கு ஆயுத உதவியையும் உளவுத் தகவலையும் நிறுத்தி வைத்தது. ஒரு தனியார் அமெரிக்க நிறுவனத்தின் செயற்கைக்கோள் படங்கள்கூட உக்ரைன் திரையில் இருந்து மறைந்தன. மார்ச் 11 அன்று எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் வார்சாவிலும் கோபன்ஹேகனிலும் பெர்லினிலும் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த ஒரு வாரத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டார்கள்: ஒரு குண்டுகூடத் திரும்ப எடுத்துப் போகாமல், ஒரு வீரரைக்கூட நகர்த்தாமல், ஒரு படையைப் பாதிக் குருடாக்க முடியும்.

இங்கிருந்துதான் உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு வர வேண்டும். தற்சார்பு என்றதும் எத்தனை டாங்கி, எத்தனை விமானம் என்று எண்ணத் தொடங்குகிறார்கள். ஒப்பந்தம் படித்தே வயதானவன் என்பதால் நான் வேறு கேள்வி கேட்பேன். வாங்கிய ஆயுதத்தைப் பயன்படுத்த, பழுது பார்க்க, மாற்றியமைக்க, இன்னொருவருக்குக் கொடுக்க யாருடைய அனுமதி வேண்டும்?

எஃப்-35 போர் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய நாடுகள் அதை வாங்கியிருக்கின்றன அல்லது வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதில் ரகசியமாக ஒரு நிறுத்துபொத்தான் இருக்கிறது என்று வதந்தி கிளம்பியது. அமெரிக்க ராணுவத் தலைமை மறுத்தது. நான் அந்த மறுப்பை நம்புகிறேன், ஏனென்றால் பொத்தானுக்கே தேவை இல்லை. மென்பொருள் மேம்பாடும் உதிரி பாகமும் அமெரிக்கா வழியாக வருபவை. எதிரி ரேடாரை அடையாளம் காட்டும் தரவுக் கோப்புக்கும் அமெரிக்காவின் துணை வேண்டும். இவை சில மாதம் வராவிட்டால் விமானம் ஹேங்கரில் அழகாக நிற்கும். ஜெர்மனி 35 விமானம் வாங்கியதற்குக் காரணம் இன்னும் சுவாரசியமானது. ஜெர்மனியின் புய்ஷெல் தளத்தில் உள்ள அமெரிக்க அணுகுண்டுகளைத் தேவைப்பட்டால் ஜெர்மன் விமானம் சுமந்து செல்லும் என்பது பழைய ஏற்பாடு. கிழடாகிவிட்ட டொர்னாடோவுக்குப் பதில் எந்த விமானம் வந்தாலும் அந்தக் குண்டைச் சுமக்க அமெரிக்கா சான்று தர வேண்டும். சான்று கையில் இருப்பவரின் விமானமே தேர்வானது.

விமானம் முழுவதும் அமெரிக்கத் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிரான்ஸின் ஸ்கால்ப் ஏவுகணையில் ஓர் அமெரிக்கப் பாகம் இருந்தது. அதைக் காட்டி, எகிப்துக்கு ரஃபேல் விமானத்தோடு அந்த ஏவுகணையை விற்க முடியாமல் 2018-ல் முட்டுக்கட்டை விழுந்தது. ஸ்வீடனின் கிரிப்பென் விமானத்துக்கு இதயமே அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சின்தான். அமெரிக்க அனுமதி இல்லாமல் அதை யாருக்கும் விற்க முடியாது. ஐடார் என்று சுருக்கிச் சொல்லும் அமெரிக்க ஏற்றுமதி விதி, பாகம் எங்கே போனாலும் பின்னாலேயே போகும். இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகள் விஷயத்தில் மறுபடியும் வரும்.

இப்போது டென்மார்க்கைப் பாருங்கள். 2025 செப்டம்பரில் நெடுந்தூர வான் பாதுகாப்புக்கு அமெரிக்க பேட்ரியட்டை விட்டுவிட்டு பிரான்ஸும் இத்தாலியும் செய்யும் சாம்ப்-டியைத் தேர்ந்தெடுத்தது. தலைப்புச் செய்தி ஆயிற்று. அடுத்த மாதமே இன்னும் 16 எஃப்-35 வாங்கப் போவதாக அறிவித்தது. டென்மார்க்கின் ஆளுகையில் உள்ள கிரீன்லாந்தைக் கேட்டு மிரட்டும் அதே நாட்டிடம் இருந்து! முரண்பாடு என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையான கணக்காகவே படுகிறது. ஐரோப்பியச் சரக்கு கிடைக்கிற இடத்தில் அதை வாங்கினார்கள். அந்த ரகத்தில் ஐரோப்பியப் போர் விமானமே இல்லாத இடத்தில் இருப்பதை வாங்கினார்கள்.

அந்த ‘இல்லாத இடங்கள்’ எவை என்பதுதான் விஷயம். பீரங்கிக் குண்டில் ஐரோப்பா எழுந்துவிட்டது. ஓராண்டில் பத்து லட்சம் குண்டு தருகிறோம் என்று 2023-ல் உக்ரைனுக்கு வாக்குக் கொடுத்து, 2024 மார்ச்சில் பாதியைத்தான் கொடுக்க முடிந்தது. அது அவமானமான கட்டம். அதன்பின் கீழ் சாக்சனியில் உன்டர்லூஸ் என்ற ஊரில் ஜெர்மன் ஆயுத நிறுவனமான ரைன்மெட்டால் கட்டிய ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தது. அது ஒன்றிலேயே 2027-ல் ஆண்டுக்கு 3.5 லட்சம் குண்டுகள் என்பது இலக்கு. கவச வண்டி, குறுந்தூர வான் பாதுகாப்பு, டிரோன், நீர்மூழ்கி எல்லாம் ஐரோப்பாவால் செய்ய முடியும், செய்கிறது. கண்ணும் காதும்தான் பிறர் கையில்: உளவு செயற்கைக்கோள், முன்னெச்சரிக்கை, நெடுந்தூரத் தாக்குதல், கனரகப் போக்குவரத்து விமானம், வானில் எரிபொருள் நிரப்புவது. 2011-ல் லிபியாவில் கடாஃபியின் சிறு படையை எதிர்த்தபோதே சில வாரங்களில் ஐரோப்பியர்களின் துல்லியக் குண்டுகள் தீரத் தொடங்கின. அமெரிக்க எரிபொருள் விமானங்கள் இல்லாமல் அவர்களால் தொடர்ந்து பறந்திருக்க முடியாது. பதினைந்து வருடம் ஆகிறது.

இதில் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் கொஞ்சம் எரிச்சல் வரும். ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, நேட்டோவின் ஐரோப்பிய உறுப்பினர்கள் 2020–24-ல் இறக்குமதி செய்த ஆயுதங்களில் 64% அமெரிக்காவில் இருந்து வந்தது. அதற்கு முந்தைய ஐந்தாண்டில் அது 52%. அதாவது பயம் கூடக்கூட ஐரோப்பா பயத்தின் ஊற்றிடமே அதிகம் வாங்கியிருக்கிறது. 2025 ஜூனில் ஹேக் நகரில் 2035-க்குள் ஜி.டி.பி.யில் 5% பாதுகாப்புக்கு என்று நேட்டோ உறுதி எடுத்தது. ஆகஸ்ட் 21 அன்று வெளியான வணிக உடன்பாட்டின் கூட்டறிக்கையைப் படித்தபோது, அமெரிக்க ராணுவத் தளவாடக் கொள்முதலை ஐரோப்பா கணிசமாக உயர்த்தத் திட்டமிடுகிறது என்று ஒரு வரி. வணிக ஒப்பந்தத்தில் ஏவுகணை! செலவைக் கூட்டு என்று அதட்டுவதும், கூட்டிய செலவை எங்களிடமே செய் என்பதும் ஒரே குரலில் வருகின்றன. இந்த நிலையில் 5% என்பது தற்சார்பின் அளவுகோல் ஆகாது. தவறான இடத்தில் போட்டால் அது சார்பின் அளவுகோலாகவே ஆகிவிடும்.

அதனால்தான் 80,000 கோடி யூரோ என்ற எண்ணை நான் பெரிதாக மதிப்பதில்லை. அதில் 65,000 கோடி பணமே இல்லை. ‘ராணுவத்துக்கு என்றால் பற்றாக்குறை வரம்பைத் தாண்டிக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று உறுப்பு நாடுகளுக்குக் கொடுத்த அனுமதி. மிச்சம் 15,000 கோடிதான் ஒன்றியமே கடன் வாங்கி மறுகடனாகக் கொடுப்பது, சேஃப் என்று பெயர். அந்தச் சிறிய பகுதியின் விதிகள்தான் எனக்குப் பிடித்தவை. வாங்கும் பொருளின் பாகங்களில் 35 சதவீதத்துக்கு மேல் வெளியில் இருந்து வரக் கூடாது. வான் பாதுகாப்பு போன்ற சிக்கலான தளவாடங்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: அதன் வடிவமைப்பை மாற்றும் அதிகாரம், வெளிநாட்டு அனுமதி எதுவும் இல்லாமல், ஐரோப்பிய நிறுவனத்தின் கையிலேயே இருக்க வேண்டும். ஸ்கால்ப் கதையில் பட்ட சூட்டை யாரோ சட்டப் பிரிவாக மாற்றியிருக்கிறார்கள். இரண்டாவது நிபந்தனையை உண்மையாகக் கடைப்பிடித்தால், பத்தாண்டில் அது செய்யும் வேலையை அந்தப் பெரிய எண் செய்யாது.

கடைப்பிடிப்பார்களா? இங்கேதான் எனக்குத் தயக்கம். ஐரோப்பியர்களுக்கு அமெரிக்கா மேல் நம்பிக்கை குறைந்திருக்கிறது, ஒருவர் மேல் ஒருவருக்கு அதே வேகத்தில் கூடவில்லை. அமெரிக்காவிடம் ஒரே ரக முதன்மை டாங்கி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 12 ரகம் என்று 2024-ல் ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மாரியோ திராகி தன் அறிக்கையில் எழுதினார். பிரான்ஸும் ஜெர்மனியும் 2017-ல் தொடங்கி, பின்னர் ஸ்பெயினும் சேர்ந்த எதிர்காலப் போர் விமானத் திட்டம், தலைமை பிரெஞ்சு நிறுவனமான டசோவுக்கா, ஜெர்மன் தரப்பில் நிற்கும் ஏர்பஸ்ஸுக்கா என்ற சண்டையிலேயே வருடங்களைக் கழித்தது. சேஃபில் சேர பிரிட்டனோடு நடந்த பேச்சு, நுழைவுக் கட்டணத் தகராறில் 2025 நவம்பரில் முறிந்தது, கனடா சேர்ந்துவிட்டது. போலந்து தென்கொரிய டாங்கியும் அமெரிக்க ஏவுகணையும் வாங்குவதை பாரிஸ் குறை சொல்லும். ரஷ்ய எல்லையில் இருப்பவனுக்கு இரண்டு வருடத்தில் வரும் கொரிய டாங்கி, 2040-ல் வரப்போகும் ஐரோப்பிய டாங்கியை விட மேல். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அணு ஆயுதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரான்ஸுடையது முழுக்கச் சொந்தம். பிரிட்டனின் ட்ரைடன்ட் ஏவுகணைகள் அமெரிக்கக் கிடங்கோடு பங்கு போட்டவை. அந்த ஒன்றில் அமெரிக்காவுக்கு மாற்று இந்தத் தலைமுறையில் வராது.

ஒரு கண்ணி அறுந்தால் இன்னொன்று மாட்டிக்கொள்கிறது என்பதும் உண்டு. ரஷ்ய எரிவாயுவை விட்டவர்கள் அமெரிக்காவின் திரவமாக்கிய எரிவாயுவுக்கு (எல்.என்.ஜி.) மாறினார்கள். குண்டுக்கு வேண்டிய வெடிமருந்து நைட்ரோசெல்லுலோஸில் இருந்து வருகிறது, அதற்கு மூலப்பொருள் பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு, அதில் பெரும்பகுதி சீனாவில் இருந்து. உன்டர்லூஸ் ஆலை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தப் பஞ்சு வந்தாக வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த ஆண்டு ஜனவரியில் நடந்ததையும் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. கிரீன்லாந்துக்குச் சிறு படைகளை அனுப்பிய எட்டு ஐரோப்பிய நாடுகளின் மீது பிப்ரவரி முதல் 10%, ஜூன் முதல் 25% வரி என்று ஜனவரி 17 அன்று டிரம்ப் அறிவித்தார். இந்த முறை ஐரோப்பா உடனே இறங்கி வரவில்லை. கிடப்பில் போட்ட 9,300 கோடிப் பட்டியல் மேசைக்குத் திரும்பியது. பசூக்காவை எடுங்கள் என்று மக்ரோன் சொன்னார். ஐரோப்பிய நாடாளுமன்றம் டர்ன்பெர்ரி உடன்பாட்டின் ஒப்புதலை நிறுத்தி வைத்தது. பங்குச் சந்தைகள் சரிந்தன. ஜனவரி 21 அன்று டாவோஸில் நேட்டோ தலைமைச் செயலர் ரூட்டேயைச் சந்தித்த பின் டிரம்ப் வரியைக் கைவிட்டார். ஆறு மாதத்தில் ஐரோப்பாவின் ராணுவம் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. காவலைக் காட்டி விலை பேசலாம். காவல் காக்க வேண்டிய நிலத்தையே கேட்டால் அந்தக் காவலுக்கு விலை ஏது? பாதுகாப்பைப் பேரமாக்குவதற்கு ஒரு வரம்பு இருக்கிறது, அந்த வரம்பை அன்று இரு தரப்பும் தொட்டுப் பார்த்தன.

சரி, நாலு வருடத்தில் அடங்கிவிடுமா? எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இருக்காது. பிரான்ஸின் அரசுக் கடன் ஜி.டி.பி.யில் 110 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அங்கே பேச்சு பெரிது, பர்ஸ் சிறிது. உங்கள் மகள் இருப்பது ஜெர்மனியில். 2025 மார்ச்சில் அரசியல் சாசனத்தையே திருத்தி, ஜி.டி.பி.யில் 1 சதவீதத்துக்கு மேல் போகும் ராணுவச் செலவைக் கடன் வரம்பில் இருந்து விலக்கிவிட்டார்கள். அதைத் திரும்ப மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2029-ல் 3.5 சதவீதத்தைத் தொடுவது அரசின் திட்டம். உக்ரைனில் நாளையே போர் நின்றாலும் இந்த ஆர்டர்கள் சில ஆண்டுகள் ஓடும். இது பலூன் இல்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

ஆனால் கார் தொழிலுக்கு மாற்றாக இதை நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் கார் உற்பத்தியில் நேரடியாக 24 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கிறார்கள். ராணுவத் தளவாடத் துறை முழுவதிலும் 6 லட்சம் அளவில்தான். ஜெர்மனி ஆர்டர் செய்த புதிய லெப்பர்ட் டாங்கிகள் 123. ஒரு பெரிய கார் ஆலை காலை ஷிஃப்டிலேயே அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடும். ரைன்மெட்டால் பெர்லினிலும் நொய்ஸிலும் தன் கார் பாக ஆலைகளை ராணுவ உற்பத்திக்குத் திருப்புகிறது, கேர்லிட்ஸில் ரயில் பெட்டி செய்த ஆலை கவச வண்டிப் பாகங்களுக்குப் போகிறது. எல்லோருக்கும் அதில் இடம் இருக்காது. முன்கூட்டி ஏறுபவர்களுக்கு இடம் கிடைக்கும் என்பதால், அழைப்பு வந்திருப்பதை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன்.

போவதற்கு முன் அவர் சில விஷயங்களைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். நிறுவனத்திடம் கையெழுத்தான ஆர்டர் இருக்கிறதா, வரும் என்ற நம்பிக்கை மட்டுமா? ஜெர்மன் ராணுவத்தோடு, அல்லது அதற்கு நேராக விற்கும் பெரிய நிறுவனத்தோடு, பல ஆண்டு ஒப்பந்தம் இருந்தால் அது ஒன்று. கண்காட்சியில் ஸ்டால் போட்டிருக்கிறோம் என்றால் அது வேறு. செய்யப் போகும் பொருள் எது? சென்சார், பவர் எலெக்ட்ரானிக்ஸ், டிரோன் மோட்டார் என்றால் கற்ற தொழிலை நாளை சிவில் பக்கமும் கொண்டு வரலாம். குண்டு ஓடு கடைவது என்றால் அந்த அனுபவத்துக்கு வாங்குபவர்கள் குறைவு. ராணுவப் பிரிவு சுருங்கினால் பழைய பிரிவுக்குத் திரும்பும் உரிமை உண்டா என்பதை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். பெட்ரீப்ஸ்ராட் என்ற தொழிலாளர் குழு அங்கே வலுவானது. கையெழுத்துக்கு முன் அவர்களிடம் ஒப்பந்தத்தைக் காட்டுவது வழக்கம்தான்.

குடியுரிமை விஷயம் தனி. இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்தால், ரகசியத் தகவல் கையாளும் வேலைகளுக்கு அரசின் பாதுகாப்புச் சரிபார்ப்பு மாதக்கணக்கில் இழுக்கலாம், சில திட்டங்களில் சேரவே முடியாமல் போகலாம். மேலே சொன்ன ஐடார் இங்கே வருகிறது: பொருளில் அமெரிக்கக் கட்டுப்பாட்டுப் பாகம் இருந்தால், ஸ்டுட்கார்ட்டில் அந்த வரைபடத்தைத் திறப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதையும் அமெரிக்க விதி கேட்கும். நிறுவனத்தில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு என்று ஓர் அதிகாரி கட்டாயம் இருப்பார்; முதலாளியைவிட அவரிடம் கேட்பது மேல். 2024 முதல் ஜெர்மனியில் ஐந்து ஆண்டு தங்கியவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், பழைய குடியுரிமையை விடச் சொல்லி ஜெர்மனி கேட்பதில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் இங்கேயுள்ளதை விட வேண்டிவரும், ஓ.சி.ஐ. அட்டை எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வேலைக்காக மட்டும் அந்த முடிவை எடுக்க வேண்டாம். ஏற்கெனவே அங்கேயே தங்குவது என்று மனதில் இருந்தால் இது இன்னொரு காரணம்.

ஆயுதம் செய்வதில் மனம் ஒப்புமா என்ற கேள்வியை நீங்கள் எழுப்பவில்லை, நானும் அவருக்காகப் பதில் சொல்ல மாட்டேன். அவரிடமே ஒருமுறை கேளுங்கள்.

அவர் அந்தப் பிரிவில் சேர்ந்துவிட்டால், வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஆலைப் படம் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். போட்டால் மாட்டிக்கொள்வது அவர்தான்.